படுவான்கரைக்கு வந்த பார்டில்மன் பொதி: ஓர் இரவல் நூற்சேவை பற்றிய மதிப்பீடு

மட்டக்களப்பு நகரில் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் தமது வீட்டின் முன்னறையிலிருந்து நடத்திவரும் இரவல் நூற்சேவை விளம்பரமின்றி நடப்பதால், மாவட்டத்திலேயே பலருக்கு அது இன்னும் தெரியாது. ஒரு மனிதரையோ ஒரு விடயத்தையோ மையமாக வைத்து மூன்று நான்கு நூல்களைத் தெரிந்தெடுத்து, அவற்றோடு தமிழில் தாமே எழுதிய குறிப்பேடு ஒன்றையும் சேர்த்து, துணிப்பையில் கட்டிப் பொதியாக அனுப்புவது அவரது வழக்கம். மாதச் சந்தா 300 ரூபா. ஒரு பொதியை ஆறு கிழமை வைத்திருக்கலாம். நகருக்குள் சைக்கிளில் கொண்டுவந்து தருகிறார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் அனுப்புகிறார்கள். எங்களைப் போல வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மண்டூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் குருமண்வெளித் துறையில் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏற்றிவிட, இக்கரையில் நாங்கள் இறக்கிக்கொள்கிறோம்.

உயர்தர வகுப்பில் அரசறிவியல் படிப்பிக்கும் எனக்கு, இராஜதந்திர சேவை என்ற பாடத்தைப் பாடநூலின் வரைவிலக்கணங்களோடு முடித்துவிட மனம் வரவில்லை. தூதுவர் ஒருவரின் முழு வாழ்க்கையை, அதுவும் தாம் பிரதிநிதித்துவம் செய்யும் அரசாலேயே ஒதுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்த ஒருவரின் வாழ்க்கையை, பிள்ளைகள் முன் வைக்க விரும்பினேன். கேட்ட சில நாள்களிலேயே நூலகர் அனுப்பிவைத்தது, கனடாவின் முதற்குடி மக்களைச் சேர்ந்த இராஜதந்திரி ஜேம்ஸ் பார்டில்மன் பற்றிய பொதி. தெரிவு மிகச் சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. பார்டில்மன் 2002 முதல் 2007 வரை ஒன்ராறியோ மாகாணத்தின் துணைநிலை ஆளுநராக இருந்தவர். மட்டக்களப்பிலிருந்து புலம்பெயர்ந்து ரொறன்ரோவில் குடியேறிய எங்கள் உறவினர் பலர் அந்த ஆண்டுகளில் அவருடைய மாகாணத்தில்தான் வாழ்ந்தார்கள். ஆனாலும் அவருடைய பெயரை என் மாணவர்களில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

பொதியில் இருந்தவை பார்டில்மன் எழுதிய நினைவு நூல்களில் மூன்றும், கனடாவின் முதற்குடிகள் பற்றிய சிறிய ஆங்கில அறிமுக நூல் ஒன்றும், தமிழ்க் குறிப்பேடும். ஆங்கில நூல்கள் யாவும் ரொறன்ரோவிலுள்ள உறவினர் வழியாகக் கடல்வழிப் பெட்டிகளில் வந்தவை. குழந்தைப் பருவத்தைச் சொல்லும் முதல் நூலின் முன்பக்கத்தில் ஒன்ராறியோ ஊர் நூலகம் ஒன்றின் 'நீக்கப்பட்டது' முத்திரை இருக்கிறது. முதுகுப்புறம் பிரிந்த இடத்தைக் கறுப்புத் துணி நாடா ஒட்டி இறுக்கியிருக்கிறார்கள். பசை பக்கத்தின் உள்விளிம்பு வரை பரவாமல் மிகுந்த பக்குவத்தோடு அதைச் செய்திருக்கிறார்கள். குறிப்பேடு ஒரு சீ.ஆர். கொப்பி. நீல மையில் செய்தியும், ஓரத்தில் சிவப்பு மையில் ஆண்டுகளும் எழுதப்பட்டிருக்கின்றன. கையெழுத்து அச்சுப் போலத் தெளிவாக இருப்பதால், ஆங்கிலம் தடுமாறும் மாணவரும் இந்தக் கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பின்தொடர முடியும். சேவையின் உண்மையான பெறுமதி இந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. ஆகவே என் மதிப்பீட்டின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

கொப்பியின் சிறந்த பகுதி இளமைக்காலம். பார்டில்மன் 1939 டிசம்பர் 24ஆம் திகதி ஒன்ராறியோவின் ஒரில்லியா நகரில் பிறந்தார். தாய் ரமா என்ற இடத்தில் வாழும் சிப்பேவா மக்களைச் சேர்ந்தவர். தந்தை ஸ்கொட்லாந்து வம்சாவளியில் வந்த வெள்ளையினத் தொழிலாளி. முஸ்கோகா ஏரிப் பகுதியிலுள்ள போர்ட் கார்லிங் என்ற சிற்றூருக்குக் குடும்பம் வந்து சேர்ந்த புதிதில், ஊர்க் குப்பைமேட்டுக்கு அருகே கூடாரம் அடித்துத் தங்கியது. செல்வந்தர்கள் கோடைகாலத்தைக் கழிக்க வரும் ஊர் அது. அவர்கள் எறிந்த படக்கதைப் புத்தகங்களைக் குப்பையிலிருந்து பொறுக்கியெடுத்துச் சிறுவன் வாசித்தான். பின்னர் ஊர் நூலகம் அவனுக்குக் கிடைத்தது. கோடைக்கு வந்துபோகும் அமெரிக்கர் ஒருவர் அவனுடைய திறமையைக் கண்டு மேற்படிப்புச் செலவை ஏற்க முன்வந்தார். 1963இல் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுச் சிறப்புப் பட்டம் பெற்றார். இத்தனையையும் கொப்பி நான்கைந்து பக்கங்களில், கண்ணீரை வரவழைக்கும் முயற்சி எதுவுமின்றிச் சொல்கிறது. ஏழைப் பிள்ளை படித்து முன்னேறிய கதைகளை எங்கள் ஊரில் மேடைதோறும் கேட்கிறோம். அந்தக் கதைகளில் எப்போதும் விட்டுப்போகும் ஒன்றை, அதாவது திறமை மட்டும் போதவில்லை, நூலகம் ஒன்றும் பணம் கட்ட ஒருவரும் இருந்தார்கள் என்பதை, நூலகர் இங்கே மறைக்காமல் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

தாயின் சட்ட நிலை பற்றிய பகுதியை வகுப்பில் முழுமையாகவே வாசித்தேன். கனடாவின் 1876ஆம் ஆண்டு இந்தியர் சட்டத்தின்படி (முதற்குடிகளை அன்று 'இந்தியர்' என்றே அழைத்தார்கள்), முதற்குடிப் பெண் ஒருத்தி அந்தச் சமூகத்தின் பதிவில் இல்லாத ஆணை மணந்தால், அவள் முதற்குடி என்ற தன் சட்ட அந்தஸ்தை இழந்துவிடுவாள். அவளுடைய பிள்ளைகளுக்கும் அது கிடையாது. அதே சமூகத்து ஆண் வெளியே மணந்தால், அவனுடைய வெள்ளைக்கார மனைவிக்கு அந்த அந்தஸ்துக் கிடைத்துவிடும். பார்டில்மனின் தாய்க்கு நேர்ந்தது இதுதான். 1985இல்தான் இந்த விதி திருத்தப்பட்டது. தாய்வழிக் குடியே பிள்ளைக்கும் குடி என்று கோயில் உரிமை முதல் திருமணப் பேச்சு வரை கணக்கெடுக்கும் படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தின் கொடுமையை விளக்க அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. தாயின் குடியைக் காகிதத்தில் வெட்டிவிட்டால் பிள்ளை எந்தக் குடி என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது.

இவ்வளவு நிதானமாக நடந்த கொப்பி, தூதுப்பணிக்கு வந்ததும் ஓடத் தொடங்குகிறது. பார்டில்மன் 1966இல் கனேடிய வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். கியூபாவில் தூதுவர், இஸ்ரேலில் தூதுவர், பிரசெல்ஸில் நேட்டோ அமைப்புக்கான தூதுவர், பிரதமர் ஷோன் கிரெத்தியேனின் வெளியுறவு ஆலோசகர், தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் உயர்ஸ்தானிகர், ஐரோப்பிய ஒன்றியத்துக்கான தூதுவர் என்று பதவிகளைக் கொப்பி ஆண்டு வாரியாக அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பரீட்சைக்கு மனனம் செய்ய இது உதவும். தூதுவர் ஒருவர் காலையில் எழுந்து என்ன வேலை செய்கிறார் என்பதை அறிய உதவாது.

அந்தக் குறையை நிரப்ப, 2004இல் வெளிவந்த இரண்டாவது நினைவு நூலிலிருந்து பங்களாதேஷ் பற்றிய பகுதியை நானே தமிழில் சொல்லிக்கொடுத்தேன். 1971இன் போரில் பிறந்த அந்த நாட்டில், 1972இல் கனடாவின் முதல் தூதரகத்தைத் திறந்துவைக்கும் பொறுப்பு முப்பத்திரண்டு வயதான பார்டில்மனிடம் ஒப்படைக்கப்பட்டது. பாலங்களும் ரயில் பாதைகளும் தகர்க்கப்பட்டு, அகதிகள் இந்தியாவிலிருந்து இலட்சக்கணக்கில் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. கட்டடம் தேடுவதிலிருந்து, உதவிப் பொருள்கள் எங்கே தேவைப்படுகின்றன என்று தலைநகருக்கு அறிக்கை எழுதுவது வரை அத்தனையும் அந்தச் சிறிய அலுவலகத்தின் வேலை. போருக்குப் பிறகும் சுனாமிக்குப் பிறகும் வெளிநாட்டு வாகனங்கள் கொடியோடு வந்துபோவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு, அந்த வாகனத்துக்குள் இருந்தவர் இரவில் உட்கார்ந்து எழுதும் அறிக்கை எப்படிப்பட்டது என்று தெரிவது மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன். நூலகர் அடுத்த பதிப்பில் இந்தப் பகுதிக்கு நாலு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

1994 முதல் 1998 வரை பிரதமரின் ஆலோசகராக இருந்த காலத்தையும் கொப்பி ஒரே வரியில் கடக்கிறது. அந்தக் காலத்தில்தான், 1997 டிசம்பரில், ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை ஒட்டாவா நகரில் கையெழுத்தானது. அதை முன்னின்று நடத்தியவர் அன்றைய வெளியுறவு அமைச்சர் லோயிட் அக்ஸ்வேர்தி. என்றாலும், பிரதமர் அலுவலகத்தின் வெளியுறவு மேசை எந்த வகையான வேலைகளுக்கு நடுவில் இயங்கியது என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிழக்கு மாகாண மாணவருக்குக் கிடைக்காது. கண்ணிவெடி என்றால் என்னவென்று அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இலங்கை அந்த உடன்படிக்கையில் இணைந்தது 2017இல்.

வகுப்பில் ஒரு மாணவி எழுப்பிய கேள்வி எல்லாவற்றையும்விடக் கனமானது. "அப்ப அவர் ஆர்ட பக்கம், சேர்?" என்று அவள் கேட்டாள். முதற்குடி மக்கள் தங்கள் காணி உரிமைக்காக வழக்கு நடத்தவென்று பணம் திரட்டுவதையே 1927 முதல் 1951 வரை குற்றமாக வைத்திருந்த அரசு அது. அந்தஸ்துள்ள முதற்குடிகள் அந்த அந்தஸ்தை விட்டுக்கொடுக்காமல் பொதுத்தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1960இல்தான் பெற்றார்கள். அதற்கு ஆறு ஆண்டுகளின் பின் அதே அரசின் வெளிநாட்டுச் சேவையில் ஒருவர் சேர்கிறார் என்றால், அதை எப்படி விளங்கிக்கொள்வது? கொப்பி இந்தக் கேள்வியைத் தொடவில்லை. என் விளக்கத்தை நான் மாணவர்களிடம் சொன்னேன்: அரசசேவையில் சேர்வது அரசின் எல்லாச் செயல்களுக்கும் கையெழுத்திடுவதாகாது, சேர்ந்தவர் அங்கே கிடைத்த இடத்தை வைத்து யாருக்கு என்ன செய்தார் என்பதைக் கொண்டே அவரை அளக்க வேண்டும். அந்த அளவுகோலை அவரது வாழ்க்கையின் பிற்பகுதியில் வைத்துப் பார்த்தால், பார்டில்மன் நிமிர்ந்தே நிற்கிறார். எல்லா மாணவரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்க வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. இப்படி வாதம் செய்ய இடம் தரும் ஒரு பொதியை அனுப்பியதற்காகவே நூலகருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எயார் இந்தியா விமானம் பற்றிய பகுதியைக் கொப்பி நன்றாகக் கையாண்டிருக்கிறது. 1985 ஜூன் 23ஆம் திகதி கனடாவிலிருந்து புறப்பட்ட 182ஆம் இலக்க விமானம் அயர்லாந்துக்கு அப்பால் கடலின் மேல் குண்டுவெடித்துச் சிதறியதில் 329 பேர் இறந்தார்கள். அப்போது பார்டில்மன் வெளியுறவுத் திணைக்களத்தின் புலனாய்வு, பாதுகாப்புப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். 2007இல், மாகாணத்தின் ஆளுநராகப் பதவியில் இருந்தபடியே, அவர் விசாரணை ஆணைக்குழுவின் முன் தோன்றி, குண்டுவெடிப்புக்குச் சில நாள்களுக்கு முன் அந்த விமான சேவைக்கு ஆபத்து இருப்பதைச் சுட்டும் இரகசியத் தகவல் ஒன்றைத் தாம் கண்டதாகவும், அதைப் பொலிஸ் அதிகாரி ஒருவரிடம் கொண்டுசென்றபோது தமக்கு அது தெரியும் என்று அவர் கடுமையாகப் பதிலளித்ததாகவும் சாட்சியம் சொன்னார். வேறு அரச தரப்புச் சாட்சிகள் அதை மறுத்தார்கள். இரு தரப்பையும் கொப்பி எழுதியிருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்லவில்லை. இவ்வளவு உயர்ந்த பதவியில் இருப்பவர் தாம் பணிசெய்த அரசு இயந்திரத்தின் குறையைப் பகிரங்கமாகச் சொன்னதை, அரசசேவைக்குப் போக ஆசைப்படும் ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்க வேண்டும். காணாமல்போனோரின் தாய்மார் ஆணைக்குழுக்களின் முன் வரிசையில் நின்ற மாவட்டத்தில், உள்ளே இருந்த ஒருவர் வாய் திறந்தார் என்ற செய்தியின் பெறுமதி பெரிது.

இனி, கொப்பியில் எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தந்த குறை. 1999 பெப்ரவரியில், தென்னாபிரிக்காவில் உயர்ஸ்தானிகராக இருந்தபோது, கேப்டவுன் நகர ஹோட்டல் அறையில் கொள்ளையன் ஒருவனால் பார்டில்மன் கட்டப்பட்டுக் கொடூரமாகத் தாக்கப்பட்டார். உடற்காயங்கள் ஆறிய பிறகும் கடுமையான மனச்சோர்வு அவரை விட்டுப் போகவில்லை. கொப்பி தாக்குதலை எழுதியிருக்கிறது. மனச்சோர்வை எழுதாமல் விட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் வாசிக்கும் கொப்பி என்று நூலகர் தயங்கியிருக்கலாம். ஆனால் அந்தத் தயக்கத்தைத் தகர்ப்பதையே பார்டில்மன் தம் பதவிக்கால வேலையாக எடுத்துக்கொண்டார். ஆளுநரானதும் அவர் அறிவித்த மூன்று முக்கிய நோக்கங்களில் ஒன்று, மனநோயைச் சுற்றியுள்ள அவமான உணர்வை அகற்றுவது. மற்றவை இனவெறிக்கு எதிராகப் பேசுவதும் முதற்குடி இளைஞரை ஊக்குவிப்பதும். தமக்கு வந்த மனச்சோர்வைப் பற்றி ஆளுநரின் நாற்காலியில் இருந்துகொண்டே அவர் பேசினார்.

எங்கள் பகுதியில் இதை எழுதாமல் விடவே கூடாது. போரையும் 2004 டிசம்பரின் கடலையும் கண்ட குடும்பங்களில் எத்தனை பேர் நித்திரையின்றி இருக்கிறார்கள் என்பது வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போகும் செய்தி. 'அவருக்குக் கொஞ்சம் சுகமில்லை' என்ற ஒரு வசனத்துக்குள் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போனதை மற்றவர் கண்டுவிடக் கூடாதென்று அதிகாலை பஸ்ஸில் போய்வருகிறோம். நாடுகளுக்குத் தூதராக இருந்தவர், ஒரு மாகாணத்தின் முதற்பிரசை, 'எனக்கு இந்த நோய் வந்தது, வைத்தியம் செய்தேன், வேலையும் செய்தேன்' என்று சொன்ன வரலாறு எங்கள் பிள்ளைகளுக்கு மருந்துக்குச் சமம். இந்தப் பகுதியை நான் தனித்தாளில் எழுதிக் கொப்பிக்குள் வைத்துத் திருப்பி அனுப்பினேன். நூலகர் அதை ஒட்டி வைத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். வாசகர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் சேவை இது என்பதற்கு அதுவே போதிய சான்று.

தகவற்பிழை ஒன்றும் உண்டு. கொப்பி அவரைக் 'கனடாவின் ஆளுநர் நாயகம்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறது. ஆளுநர் நாயகம் முழு நாட்டுக்கும் முடியரசின் பிரதிநிதி. பார்டில்மன் வகித்தது ஒன்ராறியோ மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் பதவி. 2002 மார்ச் முதல் 2007 செப்டெம்பர் வரை இருந்த அவர் அந்தப் பதவியின் 27ஆவது ஆள். முதற்குடியைச் சேர்ந்தவர்களில் ஒன்ராறியோவில் அதை முதலில் வகித்தவர். திருகோணமலையில் இருக்கும் எங்கள் கிழக்கு மாகாண ஆளுநரோடு மாணவர் இதை ஒப்பிடுவது இயல்பு. எங்கள் ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார்; 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் அவருக்கு மாகாண நிர்வாகத்தில் உண்மையான அதிகாரங்களைக் கொடுத்திருக்கிறது. ஒன்ராறியோ ஆளுநரோ பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்கப்பட்டு, மாகாண அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடப்பவர். சட்டமூலங்களுக்கு ஒப்புதல் தருவதும் விழாக்களுக்குத் தலைமை தாங்குவதும் அவருடைய அன்றாடம். இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கினால்தான், அதிகாரமே இல்லாத ஒரு பதவியிலிருந்து அவர் செய்த காரியத்தின் பருமன் விளங்கும்.

அந்தக் காரியம் நூல் சேகரிப்பு. கொப்பியின் கடைசிப் பகுதி இதற்காகவே எழுதப்பட்டது போலத் தோன்றுகிறது. ஓர் இரவல் நூற்சேவை நடத்துபவர் இதில் நின்று நிதானித்திருப்பதில் வியப்பில்லை. ஒன்ராறியோவின் வடபகுதியில் முதற்குடி மக்களின் பல ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய வீதி கிடையாது. கோடையில் சிறிய விமானம். மாரியில் உறைந்த ஏரிகளின் மேல் போடும் பனிவீதி. அங்குள்ள பாடசாலைகளில் நூலகமில்லை, இருந்தாலும் நூல்களில்லை என்பதைப் பார்டில்மன் நேரில் போய்க் கண்டார். இளம் பிள்ளைகள் நம்பிக்கையிழந்து உயிரை மாய்த்துக்கொள்வது அந்த ஊர்களில் ஒரு தொடர் துயரமாக இருந்தது. 2004இல் அவர் மாகாண மக்களிடம் பழைய நல்ல நூல்களைக் கேட்டார். மாகாணப் பொலிஸ் நிலையங்களிலே மக்கள் நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 12 இலட்சம் நூல்கள் சேர்ந்தன. தரம் பிரித்து, பெட்டிகளில் அடுக்கி, வடக்கே கொண்டுபோனார்கள்.

அவர் அதோடு நிற்காததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெட்டிகளில் நூலை இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் நன்கொடைகளை நாங்கள் போதியளவு கண்டிருக்கிறோம். பாடசாலைக் களஞ்சியத்தில் கட்டவிழ்க்காமலே கறையான் தின்ற பொதிகளும் உண்டு. பார்டில்மன் 2005 முதல் அந்த ஊர்களிலேயே கோடை வாசிப்பு முகாம்களைத் தொடங்கி, பிள்ளைகளோடு இருந்து வாசிக்க இளைஞர்களை அனுப்பினார். பிள்ளைகளுக்குப் புதிய நூல்கள் அவர்களது பெயருக்கே போய்ச் சேரும் வாசிப்புக் கழகம் ஒன்றையும் அமைத்தார். தெற்கிலுள்ள பாடசாலைகளை வடக்கிலுள்ள பாடசாலைகளோடு இணைத்துவிட்டார். 2008இல், அவர் பதவிவிட்ட பிறகு, முதற்குடி இளைஞரின் எழுத்துக்கான விருது ஒன்றை மாகாணம் அவருடைய பெயரில் ஏற்படுத்தியது. 2023 ஆகஸ்டில் அவர் காலமானபோது, தூதுப்பணியைப் போலவே இந்த நூற்பணியும் பேசப்பட்டது.

வெள்ளை வேட்டி கட்டிய விருந்தினராக விழாமேடையில் குத்துவிளக்கேற்றிவிட்டுப் போவதோடு முடிந்திருக்கக்கூடிய பதவி அது. தூதுவராக இருந்து பழகிய கைவேலையை, அதாவது ஆட்களைச் சந்திப்பதையும், ஒருவரிடமுள்ளதை இன்னொருவரிடம் சேர்ப்பதற்கு இணங்கவைப்பதையும், திரும்பத் திரும்பக் கடிதம் எழுதுவதையும், அவர் தம் சொந்த மக்களின் பிள்ளைகளுக்காகப் பயன்படுத்தினார். மாணவி கேட்ட கேள்விக்கு என்னிடமுள்ள முழு விடையும் இதுதான்.

சேவையின் நடைமுறைக் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பொதிக்கும் ஒரே ஒரு கொப்பிதான் இருக்கிறது. இருபது மாணவர் உள்ள வகுப்பில் அதைச் சுற்றிவிட ஆறு கிழமை போதவில்லை. ஒளிப்படப் பிரதி எடுக்க நூலகர் அனுமதி தருகிறார் என்றாலும், சிவப்பு மையில் எழுதிய ஆண்டுகள் பிரதியில் மங்கிவிடுகின்றன. தேசப்படம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரில்லியா எங்கே, ரமா எங்கே, வடக்கின் விமான ஊர்கள் எங்கே என்று கரும்பலகையில் நானே கீறிக்காட்ட வேண்டியதாயிற்று. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் துணிப்பை மட்டும் போதாது. வாவியில் காற்று எழும்பினால் பாதைத் தட்டில் நிற்பவர் முழங்கால் வரை நனைவார். எங்களுக்கு வந்த பொதியின் அடிநூல் ஒன்றில் நீர் ஊறிய அடையாளம் இருந்தது. உள்ளே ஒரு தடித்த பொலித்தீன் உறை வைத்தால் தீர்ந்துவிடும். தாமதக் கட்டணம் இல்லை. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அடுத்த வாசகர் காத்திருக்கிறார் என்பதைப் பொதியில் ஒரு துண்டில் எழுதி வைப்பது நல்லது.

பெரிய குறை எல்லையில் இருக்கிறது. வடக்கே வாழைச்சேனையோடு சேவை நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் வாகரைப் பிரதேசத்தில், இலங்கையின் பழங்குடிகளான வேடர் மக்களில் தமிழ் பேசுவோர் வாழும் ஊர்கள் இருக்கின்றன. அம்பாறை மாவட்டத்தில், மகாஓயாவுக்கு அப்பால், பொல்லேபெத்தையிலும் அந்த மக்கள் இருக்கிறார்கள். பழங்குடியினரைப் பற்றிப் பேசும்போது தம்பானையை மட்டும் சொல்லி, எங்கள் மாவட்டக் கரையோரத்திலேயே இருப்பவர்களை மறந்துவிடுவது பாடநூல்களின் பழக்கம், எங்கள் பழக்கமும்தான். தேன் எடுத்தும், களப்பில் மீன்பிடித்தும், கூலிவேலை செய்தும் வாழும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பொதி போய்ச் சேராவிட்டால், எங்கள் வகுப்பு அதைப் படித்ததில் எனக்கு நிறைவில்லை. பார்டில்மனைப் போல ஒருவர் இலங்கை வெளிநாட்டுச் சேவைக்குள் போவதாக இருந்தால், அவர் வாகரையிலிருந்தும் போக வேண்டும்.

இதை நூலகரிடம் தொலைபேசியில் கேட்டேன். வாகரையில் பொதியைப் பொறுப்பெடுத்து, பிள்ளைகளை இருத்தி வாசிப்பிக்க ஓர் ஆசிரியர் இருந்தால், திருகோணமலை பஸ்ஸில் மாதம் ஒரு பொதி இலவசமாகவே அனுப்பத் தாம் ஆயத்தம் என்றார். ஆள் இல்லாமல் வெறும் நூலை அனுப்பமாட்டேன் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். அந்த உறுதியை நான் மதிக்கிறேன். வாகரைக் கோட்டத்தில் படிப்பிக்கும் ஆசிரியர் யாராவது இதை வாசித்தால், தாங்களாகவே முன்வந்து அவரோடு பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதற்பொதியாகப் பார்டில்மன் பொதியையே கேளுங்கள். கொப்பியை முதலில் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக்காட்டிவிட்டு, ஆங்கில நூல்களைப் பிறகு திறவுங்கள்.

அடுத்து வரவிருப்பவையாக அட்டையில் குறித்திருக்கும் இரண்டு பெயர்களும் இதே தடத்தில் இருக்கின்றன. ஒருவர் அமெரிக்க முதற்குடிகளில் செனெக்கா இனத்து எலி பார்க்கர். 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போரை முடித்துவைத்த சரணாகதி நிபந்தனைகளின் முறையான பிரதியைத் தம் கையால் எழுதியவர், 1869இல் இந்தியர் விவகார ஆணையாளரானவர். மற்றவர் நியூசிலாந்தின் முதற்குடியான மாவோரி இனத்து சார்ல்ஸ் பென்னெற். 1959இல் நியூசிலாந்தின் உயர்ஸ்தானிகராக மலாயாவுக்குப் போனவர். இரண்டு பொதிகளுக்கும் என் வகுப்பின் பெயரைப் பதிந்துவிட்டேன். கொப்பிகள் இந்த முறையாவது இரண்டு பிரதிகளாக வர வேண்டும் என்றும், எழுதும் வேலையில் பாதியை என் மாணவர்கள் செய்து தருவார்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.